உட்காராத ஊரில் மூன்று நாள்

அயல்நாட்டுத் தலைநகரம் ஒன்றைப் புரிந்துகொள்ள மூன்று நாள் போதும். இது யாருடைய சொந்தக் கருத்தும் இல்லை, அலுவல் பயண விதிகளில் அப்படித்தான் இருக்கிறது. இரண்டே நாளில் திரும்பினால் அது அலட்சியம். நாலு நாள் தங்கினால் அது சுற்றுலா. மூன்று நாளில் ஓர் ஊர் புரியாமல் போனால் குற்றம் ஊர் மேல் இல்லை, போன அதிகாரி மேல்.

சான்றிதழ் அலுவலகத்தின் கண்காணிப்பாளர் இந்த விதியை இருபத்திரண்டு வருஷமாக மனப்பாடமாக வைத்திருந்தாரே தவிர, அது தன்மேலேயே பாயும் என்று நினைத்ததில்லை. "அந்நாட்டுத் தலைநகரில் பொதுமக்களுக்குச் சான்றிதழ்கள் வழங்கப்படும் முறையை நேரில் கண்டறிந்து வருதல்" என்ற பணிக்கு முதலில் இயக்குநர்தான் போவதாக இருந்தது. அவருக்குக் காதில் ஏதோ கோளாறு, ஆகாயத்தில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்தவரான துணை இயக்குநருக்கு விமானம் என்றாலே பயம். அதை "குடும்பச் சூழ்நிலை" என்று எழுதிக் கொடுத்தார். மிச்சமிருந்தவர்களில் பாஸ்போர்ட் வைத்திருந்தவர் கண்காணிப்பாளர் ஒருவர்தான். அதுவும் எங்கேயாவது போவதற்காக எடுத்ததில்லை. மகனுக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போனபோது அவருடைய அலுவலகத்திலேயே அவரிடம் அடையாளம் கேட்டார்கள், அதற்காக எடுத்தது.

கையில் ஒரு படிவம் கொடுத்து அனுப்பினார்கள். அதில் பதினான்காவது கட்டம் "முதல் மனப்பதிவு". இறங்கிய இருபத்துநாலு மணி நேரத்துக்குள் எழுதி அனுப்பிவிட வேண்டும். அதற்குமேல் தாமதித்தால் அனுபவம் கலந்துவிடும் என்று அடிக்குறிப்பு எச்சரித்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா இரண்டு தெரு தள்ளி இருந்தாள். ஆறு மாதத்துக்கு முன்பு வலது முட்டியில் அறுவைச் சிகிச்சை, இரண்டு மாதத்துக்கு முன்பு அத்தான் காலமாகிவிட்டார். வாரிசுச் சான்றிதழ் இல்லாமல் வீட்டுப் பத்திரத்தில் ஒரு பெயர்கூட மாற்ற முடியாது.

"நான் வந்ததும் சேர்ந்து போகலாம்க்கா."

"நீ இல்லாதப்பவே போறேன். நீ இருந்தா, தம்பி ஆபீஸ்னு சொல்லி உள்ளே நுழைஞ்சிட்டான்னு நாலு பேர் பேசுவாங்க."

அக்கா முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். அவளோடு வாதம் பண்ணி ஜெயித்தவர்கள் ஊரிலேயே கிடையாது.

தலைநகரில் காலை எட்டு மணிக்கு விமானம் இறங்கியது. வாசலில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் நெட்டையான உபசரிப்பு அதிகாரி. இன்னொருவர் மொழிபெயர்ப்பாளர் அம்மாள். இந்த அம்மாள் நம்முடைய மொழியை எட்டு வருஷம் புத்தகத்திலேயே படித்தவர். அதைப் பேசுகிற மனிதப்பிறவி யாரையும் அன்றுவரை கண்ணால் பார்த்ததில்லை.

"தாங்கள் நெடும்பயணத்தால் களைப்புற்றீரா?" என்றார்.

கண்காணிப்பாளருக்குத் தன்னை யாரோ நாடக மேடையில் ஏற்றிவிட்டது போல இருந்தது. "பரவாயில்லைம்மா" என்றார்.

அம்மாள் அந்தச் சொல்லைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

கார் அகலமான சாலைகளில் போனது. தூறல் விழுந்து ஜன்னல் கண்ணாடியெல்லாம் புகை படிந்த மாதிரி இருந்தது. கண்காணிப்பாளர் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு கடமையாக எழுதினார்: "மரங்கள் வரிசையாக உள்ளன. கட்டடங்கள் உயரமாக உள்ளன. மக்கள் ஈரமாக உள்ளனர்." மூன்றும் உண்மை. ஆனால் மூன்றில் ஒன்றுகூட இயக்குநரை நாற்காலி நுனிக்கு வரவைக்கும் ரகமில்லை என்று அவருக்கே தெரிந்தது.

பத்தரை மணிக்கு அந்த நாட்டின் தலைமைச் சான்றிதழ் அலுவலகத்துக்குள் நுழைந்தார்கள். பெரிய கூடம், உயரமான கூரை, எங்கும் பெயின்ட் வாசனை. இருநூறு பேர் இருப்பார்கள். எல்லோரும் நின்றார்கள். கூடத்தில் ஒரு நாற்காலி இல்லை, பெஞ்சு இல்லை, முக்காலிகூட இல்லை. சத்தமும் இல்லை. ஒரு பெரியவர் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கண்காணிப்பாளர் அதைத் தியானம் என்று எடுத்துக்கொண்டார்.

"இங்க யாரும் உக்கார மாட்டாங்களா?" என்று கேட்டார்.

மொழிபெயர்ப்பாளர் அம்மாள் கேள்வியைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். உபசரிப்பு அதிகாரியின் காது மடல்கள் சிவந்தன. கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பிறகு சுருக்கமாக ஏதோ சொன்னார்.

"இங்கு எவரும் அமர்வதில்லை" என்று மொழிபெயர்த்தார் அம்மாள்.

கண்காணிப்பாளருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தினமும் காலையில் அவருடைய அலுவலகக் கூடத்தில் பெஞ்சுக்கு நடக்கும் சண்டை அவர் கண்முன்னே வந்தது. துண்டு போட்டு இடம் பிடிப்பவர்கள், ஒரு பெஞ்சில் ஒன்பது பேர், எழுந்து போய்த் திரும்பியவரிடம் "உங்க பேர் எழுதியிருக்கா?" என்ற கேள்வி. இத்தனை வல்லடிகளுக்கும் காரணம் பெஞ்சுதான் என்பது இருபத்திரண்டு வருஷத்தில் யாருக்கும் தோன்றவில்லையே! தூணில் சாய்ந்திருந்த பெரியவரும் தெரியும்படியாகக் கூடத்தைப் படம் எடுத்தார். பதினான்காவது கட்டத்தில் எழுதினார்: "இந்நாட்டில் பொதுமக்கள் அமர்வதில்லை. நின்றபடியே சான்றிதழ் பெறுகின்றனர். முகங்களில் குறை ஏதும் காணப்படவில்லை." மத்தியானத்துக்குள் படத்தோடு சேர்த்து அனுப்பிவிட்டார்.

நாற்பதாவது நிமிஷம் இயக்குநர் போன் பண்ணினார். அந்த அலுவலக வரலாற்றில் ஒரு தாளுக்கு நாற்பது நிமிஷத்தில் பதில் கிடைத்தது அதுவே முதல் தடவை.

"எத்தனை வருஷமா இப்படி நிக்கறாங்களாம்?"

"அது கேக்கலை சார்."

"பாரம்பரியம்னு போட்டுக்கறேன். முட்டி வலி, இடுப்பு வலி ஏதாவது?"

"யாரும் சொல்லலை சார்."

"ஆரோக்கியம்னும் போட்டுக்கறேன்" என்று போனை வைத்தார் இயக்குநர்.

அன்று மாலையே "அமர்வற்ற சேவைத் திட்டம்" பிறந்தது. அமைச்சர் அதற்கு ஒரு முழக்கமும் அருளினார்: "நிற்கும் மக்கள், நிமிரும் நாடு."

இரண்டாம் நாள் காலையில் கண்காணிப்பாளர் ஒரு முடிவோடு எழுந்தார். வந்த இடத்து வழக்கத்தை மதிப்பதுதான் மரியாதை. ஓட்டல் சாப்பாட்டு அறையில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஓட்டலில் இருப்பவர்கள் எல்லோரும் தன்னைப் போல வெளியூர்க்காரர்கள்தானே, அவர்களுக்கு வழக்கம் தெரிந்திருக்காது என்று அவராகவே விளங்கிக்கொண்டு, தட்டைக் கையில் ஏந்தி ஜன்னலோரம் நின்று சாப்பிட்டார். காரில் மட்டும் உட்கார வேண்டியதாயிற்று. கூரை தாழ்வு.

ஆலோசனைக் கூட்டம் பத்து மணிக்கு. நீள மேசை, சுற்றிலும் மெத்தை வைத்த நாற்காலிகள், அந்தத் துறையின் தலைவரும் ஆறு அதிகாரிகளும். தலைவர் கனத்த உடம்புக்காரர். விருந்தாளிக்கு நாற்காலியைக் காட்டிவிட்டு, தானும் பாதி உட்கார்ந்துவிட்டார். கண்காணிப்பாளர் கையைக் கட்டிக்கொண்டு புன்னகையோடு நின்றார். எனக்காக உங்கள் வழக்கத்தை மாற்ற வேண்டாம் என்பது அந்தப் புன்னகையின் பொருள்.

தலைவர் பாதியிலேயே நிறுத்தி, உபசரிப்பு அதிகாரியைப் பார்த்தார். அவர் மொழிபெயர்ப்பாளர் அம்மாளைப் பார்த்தார். அம்மாள் எட்டு வருஷம் படித்த புத்தகங்களில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆனாலும் இது விருந்தாளி நாட்டின் உயர்ந்த பண்பாக இருக்க வேண்டும் என்று ரகசியக் குரலில் விளக்கினார் போலிருக்கிறது. தலைவர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மற்ற ஆறு பேரும் எழுந்தார்கள்.

கூட்டம் நாலு மணி நேரம் நடந்தது. முத்திரை மை உலரும் நேரம் குறித்து மட்டும் ஒன்றேகால் மணி நேரம் பேசினார்கள். மூன்றாவது மணியில் தலைவர் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார். இந்த வயதிலும் என்ன பழக்கம் என்று கண்காணிப்பாளர் வியந்தார். இவ்வளவு நேரம் நின்று பேசுகிறவர்கள் ஏன் முன்னேற மாட்டார்கள் என்று தலைவரும் அதே நேரத்தில் வியந்துகொண்டிருந்தார். மறுநாள் அந்த ஊர்ப் பத்திரிகையில் எல்லோரும் நின்றபடி இருக்கும் படம் வந்தது.

சாயங்காலம் அறைக்கு வந்து கட்டிலில் காலை நீட்டியபோது அக்கா போன் பண்ணினாள்.

"உங்க ஆபீஸ் பெஞ்சையெல்லாம் லாரியில ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்கடா. ரெண்டரை மணி நேரம் நின்னேன். என் டோக்கன் வர்றதுக்குள்ள ஜன்னலைச் சாத்திட்டாங்க. நாளைக்கு வான்னுட்டாங்க."

"அக்கா..."

"வெளிநாட்டிலேருந்து நீ எழுதினதுனாலதானாமே? சுவத்துல ஒட்டியிருக்காங்க."

"இங்க எல்லாரும் நிக்கறாங்கக்கா. நானே கண்ணால பார்த்தேன்."

"நிக்கட்டும். அவங்க முட்டி அவங்களுது. எனக்கு எதுக்கு?"

பக்கத்துவீட்டு அம்மா வந்து முட்டிக்கு ஒத்தடம் கொடுக்கிறாள் என்று சொல்லி அக்கா போனை வைத்துவிட்டாள். கண்காணிப்பாளருக்கு அதற்குமேல் படுக்கை கொள்ளவில்லை. அந்த இருநூறு பேருக்கும் முட்டி என்று ஒன்று இருந்திருக்குமே, யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று அப்போதுதான் உறைத்தது.

மூன்றாம் நாள் நிகழ்ச்சி நிரலில் நகரின் பழைய பாலத்தைப் பார்ப்பது என்று இருந்தது. அவர் பாலத்தை விட்டுவிட்டு, மொழிபெயர்ப்பாளர் அம்மாளைக் கூட்டிக்கொண்டு நேரே சான்றிதழ் அலுவலகத்துக்குப் போனார்.

கூடம் முழுக்க நாற்காலிகள். பளபளவென்று பச்சை நிறத்தில், வரிசை வரிசையாக. எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அம்மாள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். தூணில் சாய்ந்து தியானம் செய்த பெரியவர் இன்று நாற்காலியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எழுந்து போன ஒருவரின் கால்சட்டையில், பின்பக்கம், மூன்று பச்சைக் கோடுகள்.

"என்னம்மா இது?"

"தங்கள் வருகையை முன்னிட்டு எல்லா இருக்கைகளுக்கும் வண்ணம் பூசினர். முதல் நாள் ஈரம் உலரவில்லை. ஆகையால் பின்கட்டில் வைத்திருந்தனர். அதைக் கூற அதிகாரி நாணமுற்றார்."

"அப்ப, இங்க யாரும் உக்கார மாட்டாங்களான்னு நான் கேட்டப்ப 'அமர்வதில்லை'ன்னு சொன்னீங்களே!"

"ஆம். 'இன்று எவரும் அமர்வதில்லை' என்றே அவர் உரைத்தார். 'இன்று' என்பதை நான் விட்டுவிட்டேனோ?"

"இன்னிக்கு மட்டும்னா 'அமரவில்லை'ன்னு வரணும்மா. 'அமர்வதில்லை'ன்னா எப்பவுமே உக்கார மாட்டாங்கன்னு அர்த்தம்!"

அம்மாளின் முகம் மலர்ந்தது. "அமரவில்லை, அமர்வதில்லை. எதிர்மறை வினைகள் எனக்கு என்றும் இடர் தருபவை. மிக்க நன்றி" என்று குறிப்பேட்டில் இரண்டையும் எழுதி, அடியில் கோடு போட்டுக்கொண்டார்.

கண்காணிப்பாளர் வாசல் படியிலேயே நின்று இயக்குநருக்குப் போன் போட்டார்.

"சார், தப்பு நடந்துபோச்சு. இங்க எல்லாரும் உக்கார்றாங்க."

"எப்ப பார்த்தீங்க?"

"இப்பதான் சார்."

"அப்ப அது மூணாவது நாள் மனப்பதிவு. படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லையே."

"சார், அன்னிக்கு நாற்காலிக்குப் பெயின்ட் அடிச்சிருந்தாங்க. அதான் நின்னாங்க."

"சரி, இப்ப உக்கார்றாங்கங்கறீங்க."

"ஆமா சார்."

"நாம நிக்கறோம்."

"ஆமா சார்."

"அப்ப அவங்க பின்தங்கிட்டாங்க, நாம முந்திட்டோம். இதுல தப்பு எங்க இருக்கு? பாராட்டுக் கடிதம் ரெடியா இருக்கு, பத்திரமா வாங்க."

திரும்பி வந்தபோது ஊரே எழுந்து நின்றுகொண்டிருந்தது. பெரிய ஓட்டல்காரர் நாற்காலிகளை எடுத்துவிட்டு "தலைநகர முறை" என்று பலகை மாட்டினார், கூட்டம் இரட்டிப்பாகிவிட்டது. பல் டாக்டர் காத்திருக்கும் அறையைக் காலிசெய்தார். உட்காரும் பள்ளிகளைவிட நிற்கும் பள்ளிகளில் இடம் கிடைப்பது கஷ்டமாயிற்று. கண்காணிப்பாளரின் மைத்துனர் வீட்டில் சாப்பாட்டு மேசையின் கால்களை உயர்த்தியிருந்தார். "உங்களாலதான் மாமா இதெல்லாம் நமக்குத் தெரிஞ்சுது" என்று நெகிழ்ந்தார். கண்காணிப்பாளரின் மனைவி அங்கே நின்று சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து உட்கார்ந்து இன்னொரு தடவை சாப்பிட்டாள்.

மூன்று வாரம் கழித்து மொழிபெயர்ப்பாளர் அம்மாளிடமிருந்து கடிதம் வந்தது. அன்றைய கூட்டத்தின் படத்தைப் பார்த்து அந்நாட்டு அரசு மிகவும் கவரப்பட்டுவிட்டதாம். விருந்தாளி நாட்டின் உயர்ந்த பண்பைத் தாங்களும் பின்பற்ற முடிவு செய்து, பச்சை நாற்காலிகளை அப்புறப்படுத்திவிட்டார்களாம். "இப்போது எங்கள் அலுவலகத்தில் எவரும் அமர்வதில்லை. இம்முறை வினைமுற்று சரியாக உள்ளதா?" என்று கேட்டிருந்தார். சரியாகத்தான் இருந்தது. இயக்குநர் அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார்.

அதற்குள் அக்கா மறுபடியும் நான்கு தடவை வந்து போய்விட்டாள். ஒரு நாள் கணினி ஓடவில்லை. ஒரு நாள் கையெழுத்து போடுகிறவர் வரவில்லை. மற்ற இரண்டு நாளும் முட்டி முடியாது என்று சொல்லிவிட்டது. ஐந்தாவது நாள் அவள் டோக்கன் எண் நூற்றுப் பதினெட்டு. ஜன்னலில் ஓடிக்கொண்டிருந்தது நாற்பத்திரண்டு. கண்காணிப்பாளர் தன் அறைக் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தார். அக்கா சுவரில் ஒரு கையை ஊன்றி, வலது காலைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு நின்றாள். அவர் உட்கார்ந்திருந்தார். திட்டம் பொதுமக்களுக்கு மட்டும்தான். அதிகாரிகள் நாற்காலியில் சக்கரம்கூட வைத்திருந்தார்கள்.

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு சுற்றறிக்கையைக்கூட அவர் மீறியதில்லை. எழுந்தார். நாற்காலியை உருட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். சக்கரம் கிறீச்சிட்ட சத்தத்தில் மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது.

"உக்காருக்கா."

"வரிசையைவிட்டு வரமாட்டேன்."

"வரிசையிலேயே உக்காரு. உன் நம்பர் வந்தப்புறம் போ."

அக்கா ஒரு நொடி யோசித்துவிட்டு உட்கார்ந்தாள். கணக்கு சரியாக இருந்தது.

பின்னால் நின்றவர் தொண்டையைக் கனைத்தார். "சார், இது என்ன நியாயம்? வெளிநாட்டுல யாரும் உக்கார மாட்டாங்க."

"உக்கார்றாங்க. நான் நேர்ல பார்த்தேன்."

"நீங்க என்ன பார்த்தீங்கன்னு எங்களுக்குத் தெரியாதா? அதோ போட்டிருக்கே."

சுவரில் ஆள் உயரத்துக்கு அவர் எடுத்த படம், கீழே அவர் எழுதிய மூன்று வரிகள், அதற்கும் கீழே அவர் கையெழுத்து.

"அது தப்புங்க. பெயின்ட் காயலை, அதனால நின்னாங்க."

"கையெழுத்து போட்டுட்டு இப்ப வாயால மாத்திச் சொன்னா எப்படி சார்?" என்றார் இன்னொருவர்.

இடுப்பில் கையை வைத்திருந்த ஒரு அம்மாள் முன்னுக்கு வந்தாள். "ஒரு மாசமா நிக்கறோம். இப்ப உக்காரலாம்னா இத்தனை நாள் நின்னதெல்லாம் வீணா? என் வீட்டுக்காரர் கால் நரம்பு சுருண்டு படுத்திருக்கார். அவர்கிட்ட நான் என்ன பதில் சொல்றது?"

கூட்டம் "அதானே" என்றது. அக்கா மட்டும் திரும்பி, வகுப்பில் கேட்கும் அதே குரலில் கேட்டாள்:

"உங்களுக்கெல்லாம் கால் வலிக்குதா இல்லையா?"

அந்த இடுப்பு வலி அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்களுக்கு அப்புறம் அந்த நாற்காலி யாருக்கு?" என்றாள்.

"எனக்கு" என்றார் பின்னால் நின்றவர். "எனக்கு முதல்ல" என்றார் அவருக்குப் பின்னால் நின்றவர். அக்கா நூற்றுப் பதினெட்டாவது ஆளாகப் போய் வாரிசுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வருவதற்குள், சான்றிதழ் வரிசைக்குப் பக்கத்தில் நாற்காலிக்கென்று தனியாக ஒரு வரிசை நின்றது. அது வாசலைத் தாண்டிப் போயிருந்தது.

"வரிசைக்கு வரிசை பெருக்கிவிட்டுட்டியேடா" என்று தம்பியின் தோளைத் தட்டிவிட்டு, சான்றிதழை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நொண்டி நொண்டி வீட்டுக்குப் போனாள்.

புகார் மேலே போனது. இயக்குநர் நேரில் வந்தார். கண்காணிப்பாளர் வேலைநீக்க உத்தரவை எதிர்பார்த்து, உட்கார நாற்காலி இல்லாததால் நின்றுகொண்டிருந்தார். இயக்குநர் நாற்காலியைப் பார்த்தார், அதற்கு நின்ற வரிசையைப் பார்த்தார், கண்கள் விரிந்தன.

"இவ்வளவு தேவை இருக்குன்னு ஏன் சொல்லலை?"

மறு வாரமே ஏழாவது ஜன்னல் திறந்தது. அதில் "அமர்வுத் தகுதிச் சான்றிதழ்" வழங்கப்படுகிறது. மருத்துவர் கடிதம், மூன்று புகைப்படம், கடைசியாக எப்போது உட்கார்ந்தார் என்பதற்கு ஆதாரம் ஆகியவற்றோடு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பதாரர் நேரில் வந்து நிற்பது கட்டாயம். பொறுப்பாளர் கண்காணிப்பாளர். அவருடைய நாற்காலி இப்போது அரசின் அமர்வுச் சொத்து, அதைத் திரும்பப் பெற அவருக்கும் அந்தச் சான்றிதழ் வேண்டும். ஆனால் கையெழுத்துப் போடும் அதிகாரி அவரே என்பதால், தனக்குத்தானே வழங்கிக்கொள்ள விதியில் இடமில்லை. ஆகவே நின்றுகொண்டேதான் கையெழுத்துப் போடுகிறார்.

இதுவரை நாலாயிரத்துச் சொச்சம் பேர் வாங்கியிருக்கிறார்கள். அவர்களில் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர் என்ற புள்ளிவிவரம் இல்லை. நாற்காலி இன்னும் ஒன்றுதான். ஆனால் நல்ல குடும்பம் என்றால் வீட்டுக் கூடத்தில் அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள்.

உங்களிடம் இன்னும் இல்லையென்றால் காலையிலேயே போய்விடுங்கள். ஏழு மணிக்குப் போன எனக்கே முன்னால் அறுபது பேர் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் எனக்குப் பின்னால் நூறு பேர் சேர்ந்ததும், என்னவோ தெரியவில்லை, மனசுக்கு நிறைவாக இருந்தது.